கல்விக் கடன் முடியட்டும், அப்புறம் கல்யாணம்?

“கடன் கிடன் ஏதும் இல்லையே?” பெண் பார்க்கப் போன வீட்டில், பஜ்ஜித் தட்டு காலியாகும் நேரத்தில், மாமா முறையுள்ள யாராவது ஒருவர் பொத்தாம்பொதுவாகக் கேட்டுவைப்பார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று பதில் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் கடன் என்றால் வட்டிக்கடை, ஃபைனான்ஸ், கைமாற்று. பிள்ளை பி.இ. படிக்க வங்கியில் வாங்கிய நாலு லட்சம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது ‘படிப்புக்கு வாங்கினது’. நிச்சயதார்த்தம் முடிந்து, இருவரும் போனில் பேச ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில், “மாசம் ஏழாயிரம் லோனுக்குப் போயிடும்” என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லும்போதுதான் அது கடனாகிறது.

உடனே கேள்வி கிளம்பும். அடைத்துவிட்டுச் செய்யலாமா? இரண்டு வருடம் போகட்டுமா? கடன் பெண்ணின் பெயரில் இருந்தால் “அவங்க வீட்ல அடைச்சிட்டு அனுப்பட்டும்” என்பார்கள். பையன் பெயரில் இருந்தால் “ரெண்டு சம்பளம் வந்தா தானா அடைஞ்சிடும்” என்பார்கள். வங்கி ஒன்றுதான், கடனும் ஒன்றுதான். நியாயம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகத் தவணை கட்டப்படும் உள்நாட்டுக் கல்விக் கடனுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதில் லாபம் மிகக் குறைவு. கணக்குப் போட்டாலே அது தெரியும். தவணை நின்றுபோன கடன், வீட்டுப் பத்திரம் வங்கியில் கிடக்கும் கடன், வெளிநாட்டுப் படிப்புக்கு வாங்கிய பெரிய கடன் ஆகியவற்றுக்கு வேறு கணக்கு. அதையும் பார்ப்போம்.

இத்தனை வீடுகளுக்குள் இந்தக் கடன் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. நாலு லட்சம் வரை சொத்துப் பத்திரம் கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது அதன் அடிப்படை. ப. சிதம்பரம் 2004இல் நிதியமைச்சரான பிறகு பொதுத்துறை வங்கிகள் இதில் முடுக்கிவிடப்பட்டன. மேடை போட்டுக் காசோலை கொடுத்த கடன் முகாம்களைச் சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தது. பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. 2010-11இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஆனால் விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அதற்கான பணம் எல்லாம் அந்தச் சலுகைக்கு வெளியே நின்றன. அந்த இடைவெளியைக் கடன் நிரப்பியது.

கடன் வாங்கிய வேகத்துக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலையிலும், பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தையொட்டிய சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக அசையாமல் நின்றது. கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். 2016இல் மதுரையில் ஓர் இளம் பொறியியல் பட்டதாரி கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்டபோது இது தலைப்புச் செய்தியானது. 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிகளில் கல்விக் கடன் தள்ளுபடியும் இடம்பெற்றது. வந்துவிடும் என்று நம்பித் தவணையை நிறுத்திய வீடுகள் எனக்கே தெரியும். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்க, வட்டி மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி வளர்ந்த கடன்களில் பலவும் இன்று முப்பது வயதை நெருங்கி, வரன் பார்க்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

காத்திருந்தால் என்ன குறையும்?

ஒரு சாதாரணக் கடனை எடுத்துக்கொள்வோம். நான்கு வருடப் படிப்பு, வருடத்துக்கு 1 லட்சம், வட்டி 10.5 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது விதி. வட்டி மட்டும் நிற்காது, தனிவட்டியாகச் சேர்ந்துகொண்டே போகும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நான்கு, அப்படியே இறங்கி கடைசி லட்சத்துக்கு இரண்டு. எல்லாம் சேர்ந்து 1.47 லட்சம். ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 4 லட்சம் அல்ல, 5.47 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் முறையாக விண்ணப்பித்திருந்தால், இந்த இடைக்கால வட்டியை அரசு ஏற்கும். விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

இந்த 5.47 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்ட மாதம் சுமார் 7,380 ரூபாய் ஆகும். இப்போது கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறு தவணைகள், மொத்தம் 2.66 லட்சம் கட்டியாகிவிட்டது. மீதி எவ்வளவு? 4.38 லட்சம். மூன்று வருடக் காத்திருப்பில் கடன் குறைந்தது ஒரு லட்சத்துச் சொச்சம்தான். ஆரம்பத் தவணைகளில் பெரும்பங்கு வட்டிக்கே போவதால் இப்படி. கடன் தீரட்டும் என்று சும்மா காத்திருக்கும் குடும்பங்கள் இந்த எண்ணை ஒருமுறையாவது வங்கியில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அதே மூன்று வருடம் மாதம் 15,000 கட்டினால் மீதி 1.17 லட்சமாக இறங்கிவிடும். அப்போது காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அந்த 15,000 கட்டக் கல்யாணம் ஏன் தடையாக இருக்க வேண்டும்? சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருவர் ஆளுக்கொரு பி.ஜி. விடுதியில் தனித்தனியாக வாடகையும் சாப்பாட்டுக் காசும் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, ஒரு சின்ன வீட்டில் சேர்ந்து இருப்பதில் பெரும்பாலும் செலவு குறையும். முன்கூட்டிக் கட்டினால் பொதுத்துறை வங்கிகள் கல்விக் கடனுக்கு அபராதம் போடுவதில்லை. தீபாவளி போனஸில் 20,000 கிடைத்தாலும் கொண்டுபோய் அசலில் போடலாம். போடும்போது “அசலில் வரவு வையுங்கள்” என்று சொல்லிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் கழிவை (80இ என்று பலருக்கும் பழகிய பிரிவு) நம்பித்தான் சிலர் கடனை மெதுவாகக் கட்டுகிறார்கள். அந்தக் கழிவு எட்டு வருடங்களுக்கு மட்டும், வட்டிக்கு மட்டும், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கடன் யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவருக்குத்தான் கழிவு. கல்யாணத்துக்கு முன் மனைவி தன் அப்பாவோடு சேர்ந்து வாங்கிய கடனைக் கணவர் கட்டினாலும், தன் வரியில் அதைக் காட்ட முடியாது.

மண்டபத்துக்கு வாங்கும் கடன்

கல்விக் கடன் 5 லட்சம் பாக்கி என்று கல்யாணத்தை யோசிக்கிற அதே வீடு, கல்யாணத்துக்கென்று 10 லட்சம் கடன் வாங்க யோசிப்பதில்லை. 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தனிநபர் கடனாக 10 லட்சம் வாங்கினால் தவணை மாதம் 23,268 ரூபாய். மேலே சொன்ன கல்விக் கடன் தவணையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கல்விக் கடனுக்காவது ஒரு பட்டம் இருக்கிறது, அதை வைத்து ஒரு சம்பளம் வருகிறது. இந்தக் கடனுக்கு ஒரு ஆல்பமும் ட்ரோன் வீடியோவும் இருக்கும்.

நகையைச் சேர்த்தால் கணக்கு இன்னும் விபரீதமாகும். 2025 அக்டோபரில் சென்னையில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கே, முப்பது பவுன் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால், அவர் 27 லட்சத்தைச் சாதாரணமாகச் சொல்கிறார் என்று பொருள். கிட்டத்தட்ட ஐந்து கல்விக் கடன்கள் அதில் அடங்கிவிடும். “கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார்” என்று சொல்லிவைத்தவர்கள் செலவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் சொன்னார்கள்.

சட்டம் இதில் எதையும் கேட்கவில்லை. 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். 2009ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொன்னால், முதலில் தள்ளிப்போடச் சொல்வது வரவேற்பு விருந்தைத்தான். வருடம் கழித்துச் செய்தாலும் யாரும் சாப்பிட மறுக்கப்போவதில்லை.

மொய் வருமே என்பார்கள். வரும். ஆனால் மொய்யும் கடன்தான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்துக்குப் போனவர்களிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள்: வட்டி இல்லாத கடன், நோட்டில் ஏறிய கடன், திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூடுதலாக வைத்துச் செய்ய வேண்டிய கடன். மற்ற ஊர்களில் இவ்வளவு வெளிப்படையாக இல்லை என்பதைத் தவிர வித்தியாசம் அதிகமில்லை. கல்யாணத்தில் வந்த மொய்ப் பணத்தை அள்ளிக் கல்விக் கடனில் போட்டு முடித்தவர்கள் உண்டு. 10.5 சதவீத வட்டியை வட்டியில்லாக் கடனாக மாற்றிக்கொண்டார்கள் என்று பார்த்தால் அது புத்திசாலித்தனம்தான், வரும் வருடங்களின் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பணம் ஒதுக்கிவைக்கத் தெரிந்திருந்தால்.

யார் தலையில் விழும்?

“கட்டிக்கிட்டா அந்தக் கடன் நம்ம தலையில விழுமா?” இந்தப் பயத்துக்குப் பதில் நேரடியானது. இந்தியாவில் கல்யாணம் செய்துகொண்டதால் மட்டும் ஒருவர் கடன் மற்றவர் கடனாகாது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. மாணவர், கூட்டுக் கடனாளி, ஜாமீன்தாரர் ஆகியோரை மட்டுமே வங்கி கேட்க முடியும். கடனாளி இறந்துபோனால் வாரிசுகள், அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவார்கள்.

விதிவிலக்கு எப்போது வரும்? கல்யாணத்துக்குப் பிறகு மேற்படிப்புக்குக் கடன் வாங்கினால். மாதிரித் திட்டத்தின்படி, திருமணமானவர் கடன் வாங்கும்போது கணவனோ மனைவியோ, மாமனார் மாமியாரோகூடக் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடலாம். அப்படிப் போட்ட கையெழுத்து, பின்னால் உறவு எப்படிப் போனாலும் நிற்கும். பழைய கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதும் இதே கதைதான். குறைந்த வட்டி என்று மாற்றப் போய், அப்பாவின் பெயரை எடுத்துவிட்டுப் புது மாப்பிள்ளையின் பெயரைச் சேர்க்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

சட்டப்படி பொறுப்பில்லை என்றாலும் பணப்படி பாதிப்பு இருக்கிறது. இருவரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் தவணையைச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் வங்கி தகுதியைப் பார்க்கும். மாதம் 7,380 போகிறவருக்கு அந்த அளவுக்கு வீட்டுக் கடன் குறையும். ஆகவே கல்விக் கடன் வீட்டைத் தள்ளிப்போடக்கூடும். அதைக் கல்யாணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

“பெண் வீட்டார் மாப்பிள்ளையின் கல்விக் கடனை அடைத்துவிடட்டும்” என்பது இப்போது சில இடங்களில் நாகரிகமான பேரமாகவே வந்துவிட்டது. ரொக்கம் கேட்கவில்லை, கார் கேட்கவில்லை, படிப்புக்கு ஆன செலவைத்தானே கேட்கிறோம் என்கிறார்கள். பெயர் மாறினாலும் அது வரதட்சணைதான். திருமணத்தை ஒட்டி நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுக்கும் எந்தப் பணமும் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்குள் வரும். கேட்டாலே ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. வாங்கினாலோ கொடுத்தாலோ ஐந்து வருடத்துக்குக் குறையாத தண்டனை. வங்கிக் கணக்கில் நேராகப் போட்டுவிட்டால் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைவிடத் தெளிவான சாட்சி வேறெதுவும் இல்லை.

பெண்ணின் நகையை விற்றுக் கணவரின் பழைய கடனை அடைப்பதும் அடிக்கடி நடப்பது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் போட்ட 89 பவுன், கணவன் வீட்டாரின் பழைய கடன்களை அடைக்கப் போய்விட்டது என்பது மனைவியின் புகார். சீதனம் மனைவியின் முழுச் சொத்து, இருவருக்கும் பொதுவானது அல்ல, நெருக்கடியில் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. மனைவி தானாக மனமுவந்து கொடுக்கலாம், அது அவர் விருப்பம். அப்போதும் யார் கொடுத்தது, எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்படி எழுதிவைத்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

பெண்ணின் கடன்

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் நெருடலாக இருப்பது இதுதான். பையனின் கடன் அவன் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அவன் சம்பளமும் அங்கேயே இருக்கிறது. பெண் கல்யாணமாகிப் போகும்போது, நம் வழக்கப்படி அவள் சம்பளம் புகுந்த வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, கடனோ கூட்டுக் கடனாளியான அப்பாவோடு பிறந்த வீட்டில் தங்கிவிடுகிறது. படிப்பின் பலன் ஓரிடம், படிப்பின் பாக்கி இன்னோரிடம்.

அதனால்தான் பல அப்பாக்கள் “ரெண்டு வருஷம் வேலைக்குப் போய் லோனை முடிச்சிடும்மா” என்கிறார்கள். அதைக் கேட்டு அக்கம்பக்கம் “பொண்ணு சம்பாத்தியத்துல குடும்பம் நடத்துறாங்க” என்று பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவசரமாகக் கல்யாணத்தை முடித்துவிட்டு, அறுபது வயதில் அப்பா தன் ஓய்வூதியத்திலிருந்து மகளின் கல்விக் கடனைக் கட்டுவதும் நடக்கிறது. மகளுக்கே தெரியாமல் நடப்பதும் உண்டு.

இதற்குத் தள்ளிப்போடுதல் மருந்தாகாது. இரண்டு வருடம் கழித்து வருகிறவர்களும் இதே வழக்கத்தோடுதான் வருவார்கள். பெண் தன் சம்பளக் கணக்கிலிருந்தே கடைசித் தவணை வரை கட்டுவாள் என்பதை நிச்சயத்துக்கு முன்பே, பெரியவர்கள் முன்னிலையில், பெண்ணே சொல்லிவிட வேண்டும். “மாமா, என் படிப்புக் கடன் இன்னும் ஆறு வருஷம் இருக்கு. மாசம் ஏழாயிரத்து நானூறு. அதை நான்தான் கட்டுவேன், எங்க அப்பா இல்லை.” சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பத்துப் பொருத்தத்தில் தெரியாதது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். “நல்லது, கட்டிக்கோம்மா” என்று சொல்லும் வீட்டுக்குக் கடனோடு போகலாம். “அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சிடுங்க” என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லும் வீட்டுக்கு, கடனில்லாமல் போனாலும் கஷ்டம்தான்.

எப்போது நிறுத்தி யோசிக்க வேண்டும்?

தவணை 90 நாள் கட்டப்படாமல் போனால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். அது மாணவரின் சிபில் அறிக்கையில் (கடன் கட்டிய வரலாற்றைக் காட்டுவது) மட்டுமல்ல, கூட்டுக் கடனாளியான அப்பாவின் அறிக்கையிலும் ஏறும். 2025 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் முர்திசாபூரில், மாப்பிள்ளையின் சிபில் மதிப்பெண் குறைவு என்று பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தியதாகச் செய்தி வந்தபோது இங்கே நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கென்னவோ அதில் பாதி நியாயம் தெரிந்தது. ஜாதகத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவது, செவ்வாய் தோஷம் என்று ஒதுக்குவதற்கு நிகரானதுதான். இரண்டு வருடம் வேலையில்லாமல் தவணை நின்று, பிறகு ஒவ்வொன்றாகக் கட்டி எழுந்தவருக்கும் மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். நாட்டில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இருவரும் தத்தம் அறிக்கையை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் கேட்பது விசாரணையாகிவிடும்.

தவணை நின்ற கடன் என்றால் நான் தள்ளிப்போடச் சொல்வேன், கடன் தீரும்வரை அல்ல, வங்கியோடு ஒரு ஏற்பாடு எழுத்தில் வரும்வரை. தவணைக்காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடிக்கும் ஓ.டி.எஸ். என்ற வழியும் உண்டு. அதில் ஒரு கொக்கி: குறைத்துக் கட்டிய கடன், அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று வரும். அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேலாளர் அந்த ஒரு சொல்லில் விரலை வைப்பார். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். கல்யாண வீட்டுக்குப் போன் செய்து மிரட்டினால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது.

வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் கடன் யார் பெயரில் இருந்தாலும் பேச வேண்டிய ஆட்கள் கூடுகிறார்கள். தவணை நின்றால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி அந்த வீட்டை எடுக்க முடியும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த வீட்டில் கல்யாணமாகாத தங்கையும் பெற்றோரும் இருக்கிறார்கள் என்றால், தவணையை யார் கட்டுவது என்ற பேச்சில் அவர்களும் உட்கார வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக் கடன் தனி இனம். தனியார் நிதி நிறுவனத்தில் 12 சதவீத வட்டிக்கு 35 லட்சம் என்றால், பத்து வருடத் தவணை மாதம் சுமார் 50,200 ரூபாய். ஆரம்பத்தில் வட்டி மட்டுமே மாதம் 35,000. அமெரிக்காவில் வேலை கிடைத்து டாலரில் சம்பாதிக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. கடன் ரூபாயில், சம்பளம் டாலரில், இரண்டு மூன்று வருடத்தில் முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் கிடைப்பது ஒரு வருட வேலை அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்பாக இருந்தால் மேலும் இரண்டு வருடம். அதற்குள் விசா அமையாமல் ஊர் திரும்பி, சென்னையில் 80,000 சம்பளத்தில் உட்கார்ந்தால் கதை முற்றிலும் வேறு. ‘அமெரிக்க மாப்பிள்ளை’ என்று கேட்டவுடன் நகைக்கடைக்கு ஓடுகிறவர்கள் இந்த ஒன்றைக் கேட்பதில்லை: திரும்பி வந்தால் எப்படிக் கட்டுவீர்கள்? இதற்குப் பதில் இல்லாதபோது, வேலை நிலைக்கும்வரை ஒரு வருடம் பொறுப்பதில் தவறே இல்லை. அங்கேயே குடியேறுகிறவர்கள் அந்தந்த மாகாணச் சட்டத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் கல்யாணத்துக்குப் பிறகு சேரும் சொத்து இருவருக்கும் பொது. ஒருவரின் பழைய கடனுக்காக அந்தப் பொதுச் சொத்தின்மேல் கை வைக்க முடியும். மற்றவர் தன் சம்பளத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

முடிவாகக் கல்யாணம் என்று ஆகிவிட்டால், வங்கியில் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. பல கல்விக் கடன்களில் பதிந்திருப்பது அப்பாவின் போன் எண். பதினேழு வயதில் கடன் கேட்டுப் போனபோது வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். பெங்களூரில் சம்பளக் கணக்கு மாறி ஒரு தவணை தவறினால், எஸ்.எம்.எஸ். போய் நிற்பது ஊரில் அப்பாவின் கையில். அவர் யாரிடமும் சொல்லாமல் கூட்டுறவு வங்கிக்குப் போய், இருக்கிற ஒரு சங்கிலியை வைத்துவிட்டு வந்துவிடுவார். அந்த எண்ணைத் தாலி கட்டும் முன்பே மாற்றிவிடுங்கள்.